மூங்கிலில் எழுந்த ஊர்க்கூடம்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஊர்ஜனங்களின் கருத்தைக் கயிறு போட்டுக் கட்டிய ஒரே மனிதர் எங்கள் பந்தல்காரர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் பஞ்சாயத்தின் சமுதாயக் கூடம் மழைக்கு ஒழுகி, வெயிலுக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை நடப்பதும் அங்கேதான். மிராசுதார்கள் மேடையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள்; ஆட்கள் கீழே வாசல் வெயிலில் நிற்பார்கள். அதை இடித்துக் கட்ட உத்தரவு வந்தது, ஊராரிடம் கருத்துக் கேட்கச் சொல்லி. பஞ்சாயத்து குமாஸ்தாவான நான் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன்.

"இதைப் பாத்தா யாருக்குங்க புரியும்? கட்டிக் காட்டுறேன். உள்ள நடந்து பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றார் பந்தல்காரர்.

பக்கத்துத் திடலில் மூங்கிலும் கீற்றுமாக முழு அளவில் ஒரு கூடம் எழுந்தது. என் நிம்மதி அத்தோடு போயிற்று. யார் எதைக் கேட்டாலும் கட்டிவிடுவார். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்ட சைக்கிள்காரருக்காக அந்தத் திசையிலும் ஒரு வாசல் வைத்தார். ஒரே நிபந்தனை, கேட்டவர் அடுத்தவர் இடத்திலும் இருந்து பார்க்க வேண்டும். டீக்கடைக்காரர் தன் கடைப் பக்கம் வாசல் கேட்டார். அவரைக் கூடத்தில் படிப்பகத்துக்கு ஒதுக்கிய மூலையில் உட்கார வைத்து, அந்த வாசல் வழியே அவர் கடைப் பாய்லர் புகையை அவர் முகத்துக்கே வரவிட்டார். வாசல் இடம் மாறியது.

கூலி ஆட்களுக்காகப் பேச வரும் அஞ்சலை சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, நாங்க எங்க ஒக்காருறது?" என்றார். வரைபடத்தில் இருந்தபடி கட்டியிருந்த மேடையைப் பந்தல்காரர் அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் பெரிய மிராசுதார் வந்தார். வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பந்தல்தான் பந்தல்காரர் வீட்டுக்கு அந்த வருஷத்துச் சோறு.

"மேடை இருக்கணும்யா. இல்லேன்னா கல்யாணத்துக்குக் கும்பகோணத்து ஆளைச் சொல்லிடுவேன்."

"கட்டிடுறேங்க. நீங்களும் அஞ்சலை நிக்கிற இடத்துல செத்த நேரம் நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

மேடையை மறுபடி கட்டி, நாற்காலி போட்டு, அஞ்சலையை உட்கார வைத்தார். மிராசுதார் பங்குனி வெயிலில் நின்றார்.

"ஐயா, வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க? மேல வந்து ஒக்காருங்க" என்றார் அஞ்சலை, உண்மையான கவலையோடு.

மிராசுதார் காரில் ஏறிப் போனார். பந்தல்காரர் மேடையை மறுபடி அவிழ்த்தார். அப்புறம் மேடை கேட்டு யாரும் வரவில்லை. கல்யாணப் பந்தலும் கும்பகோணத்து ஆளுக்குப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மிராசுதார் வீட்டுப் பக்கம் போனேன். பந்தலில் ஏணி போட்டு ஒருவர் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். நம்மவர்தான்.

"உங்கள யாருங்க கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. நம்மூர்ப் பொண்ணு கல்யாணத்துல பந்தல் சாஞ்சா நல்லாவா இருக்கும்?"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மிராசுதார்.

இன்று கூடம் மேடையில்லாமல் சிமெண்டில் நிற்கிறது. எல்லோரும் சரிசமமாக உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். பந்தல்காரர்தான் இப்போது உயிரோடு இல்லை. அங்கே போகும்போதெல்லாம், வேண்டுமென்றே எதையாவது அவிழ்த்துக் கட்டச் சொல்லி அவரிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு.