ஊரப்பாக்கத்துப் புள்ளிமான்கள்

“அக்கா, எழுந்திரு! தலைக்கு மேலயே வந்துகினு கீது!” என்று கத்தினாள் பட்டு.

ஞானம்மாள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு முள்ளுக்குள் குனிந்தாள். டிஜிட்டல் கேமரா கட்டிய ரிமோட் விமானம் வண்டு மாதிரி இரைந்துகொண்டு போயிற்று.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஜல்லி கொட்டும் நாலு பெண்களுக்கும் அந்தக் கருவேலம் புதரை விட்டால் ஒதுங்க இடமில்லை.

“இன்னாண்ணா அது? விடிஞ்சா போதும், சுத்த ஆரம்பிச்சிடுது,” என்று மேஸ்திரி பொன்னுரங்கத்திடம் ஞானம்மாள் கேட்டாள்.

“ரோட்டோரம் இன்னா மிருகம் கீதுன்னு படம் புடிக்கிறாங்க. அழிஞ்சி போறத கவுர்மெண்டு காப்பாத்துதாம்.”

“அப்ப நாங்க எங்க போறது?”

“அத்த யாரும் படம் புடிக்கல.”

மறுநாள் ஆளுக்கொரு கோணிச்சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனார்கள். வேலை முடிந்த பக்கம் வெள்ளைக்கோடு அடித்தபோது பெயிண்ட் டப்பாவுக்கு அடியில் விரித்த சாக்குகள் அவை. காய்ந்த வெள்ளைச் சொட்டுகள் மேலெல்லாம்.

“இப்ப புடிக்கட்டும், பாக்கலாம்,” என்றாள் ஞானம்மாள்.

வெள்ளிக்கிழமை மிருகங்களைப் படம் பிடிக்கிற அதிகாரி ஷ்யாம்சுந்தர் துள்ளிக்கொண்டு வந்து போட்டோவை நீட்டினார்.

“மேஸ்திரி, பாருங்க! நாலு புள்ளிமான்! டெய்லி அதே டைம், அதே ஸ்பாட்!”

ஞானம்மாள் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மான் அவள்தான்.

“சொல்லிடலாங்கா,” என்று பட்டு காதைக் கடித்தாள்.

“இன்னான்னு சொல்லுவ? நாலு பேரும் எதுக்கு குந்தினு இருந்தீங்கன்னு கேட்டா?”

சொல்லவில்லை. ரெண்டே நாளில் புதரைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பச்சைத்துணி மறைப்பு, பூட்டுப் போட்ட கதவு, ‘மனிதர் நுழையத் தடை’ என்று பலகை, காவலுக்கு ஐசக். மானுக்குத் தொட்டி நிறையத் தண்ணீர். ஜல்லி கொட்டுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு குடம் வந்து சேரவில்லை.

பெண்கள் ரயில்வே லைன் பக்கம் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஆம்பளைக் கூட்டம். ஒதுங்கப் போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். ஒரு மத்தியானம் பட்டு மயங்கி, கூடையோடு ஜல்லிமேல் விழுந்தாள்.

அடுத்த விடியலில் ஞானம்மாள் நேராகக் கதவுக்கே போனாள். ஐசக் கம்பை ஊன்றி எழுந்தான்.

“தம்பி, கையெடுத்துக் கும்புடறேன். அஞ்சே நிமிசம். உன் மானுக்கு ஒண்ணும் ஆவாது.”

ஐசக் ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தான். பூட்டைத் திறந்தான். அவள் உள்ளே காலை வைக்கும்போது கம்பைக் குறுக்கே நீட்டினான்.

“இன்னாக்கா, வெறுங்கையோட வந்துகீற? ஒரு வாரமா படத்துல மானே இல்லன்னு சார் கத்தறாரு, என் வேலையே போவப்போவுது. போயி சாக்கைப் போத்திகினு மத்த மூணு பேரையும் இட்டுகினு வா!”