இரண்டாவது திருஷ்டிப் பொம்மை

பொறாமையே இல்லாத மனிதன் எங்காவது இருக்கலாம். சகலையைப் பார்த்துப் பொறாமைப்படாத மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே மாமனார் வீட்டில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டு, யார் இலையில் எத்தனை வடை விழுகிறது என்று பார்க்காதே என்றால் எப்படி? (எனக்கு இரண்டு, அவனுக்கு மூன்று. இன்றுவரை மறக்கவில்லை.)

அறுபதுகளில் நான் கொடைக்கானலில் கட்டட கான்டிராக்டர். கருங்கல் சுவர், சீமை ஓடு, புகைபோக்கி, முன்னால் ரோஜாவுக்கு ஒரு பாத்தி. இந்த ஒரே வீட்டைத்தான் வேறு வேறு ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த என் மாமனார், ஏரிக்கு மேலே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். "அங்கன நீங்கதான் மாப்ளே கட்டணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதை அன்று சாயங்காலமே பஜார் முழுக்கப் பரப்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி சரசுவின் தங்கை மல்லிகாவுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான் ராஜசேகரன். மதராஸில் கட்டடக் கலை படித்தவன். மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி. முதல் விருந்திலேயே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"இப்ப உலகம் பூரா கட்டடத்துல நாலஞ்சு வழி இருக்கு மாமா. கண்ணாடியும் இரும்பும் வச்சுப் பெட்டி மாதிரி எழுப்புறது ஒண்ணு. காங்கிரீட்டை மெல்லிசா வளைச்சு, நடுவுல தூணே இல்லாம கூரை போடுறது ஒண்ணு. உத்தரம், தூணு எதையும் மறைக்காம வெளிய காட்டுறது ஒண்ணு. எனக்குப் பிடிச்சது புரூட்டலிசம். காங்கிரீட்டைக் கொட்டி, பூசாம, வெள்ளையடிக்காம, அப்படியே விட்டுர்றது."

பூசாமல் விடுவதற்கு ஒரு பெயரா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா பழனியில பாதியில நிக்கிற கட்டடமெல்லாம் அந்த இசம்தானா தம்பி?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. "சின்னவரு சொல்றதைக் கேளுங்க" என்றார் மாமனார். அவன் இலையில் மூன்றாவது வடை விழுந்தது அப்போதுதான்.

அதோடு விட்டானா? கொடைக்கானலிலேயே ஒரு சரிவில் இடம் பிடித்து, அந்த முறையில் தனக்கு வீடு கட்ட ஆரம்பித்தான். என் ஊரில்! மாமனாரின் பேச்சும் மாறியது. "சின்னவரு வீடு எப்படி வருதுன்னு பாத்துட்டு, நம்ம எடத்தை யாருகிட்டக் குடுக்கலாம்னு பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மனை கைவிட்டுப் போனால் பஜாரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன்?

"எதுக்குங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க?" என்று சரசு கேட்டாள்.

"குளிரு" என்றேன். (சித்திரை மாதம்.)

கடைசியில் ஒரு வழி தோன்றியது. காங்கிரீட் என்றால் எங்காவது வெடிப்பு விடத்தான் செய்யும். ஒரே ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து மாமனார் காதில் போட்டால் போதும். காங்கிரீட்டுக்கு அச்சாகக் கட்டியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வடகவுஞ்சியில சோலி கெடக்கு, வர நேரமாகும்" என்று சரசுவிடம் சொல்லிவிட்டு வெள்ளனே கிளம்பினேன். நீளக் கோட்டு, மஃப்ளர், குரங்குக் குல்லா. உளவு பார்க்கிறவனுக்கு உண்டான வேஷம் என்று நினைப்பு.

வேலையாள் யாரும் இல்லை. வாசலில் ஒரு கம்பத்தில் திருஷ்டிப் பொம்மை மட்டும் நின்றது. வைக்கோல் அடைத்த பழைய கோட்டு, மண்சட்டித் தலை, அதற்கும் ஒரு குரங்குக் குல்லா. (என்ன இசம் படித்து என்ன? மேஸ்திரி பொம்மை வைக்காமல் விடவில்லை.)

சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மண்டியிட்டுப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லை. அதைவிடக் கொடுமை, வீடு அழகாக இருந்தது. பலகையின் ரேகையும் கணுவும் காங்கிரீட்டில் அப்படியே பதிந்திருந்தன. மஞ்சு வந்து மூடியபோது அது கட்டிய வீடாகவே தெரியவில்லை, மலையிலேயே முளைத்தது போல நின்றது. இருபது புகைபோக்கி கட்டிய எனக்கு இப்படி ஒன்று தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது கீழே வேன் சத்தம். அதைத் தொடர்ந்து மாமனாரின் குரல். பின்னாலேயே மாமியார், மல்லிகா, ராஜசேகரன். எல்லோருக்கும் பின்னால் என் சரசு! ஆயக்குடியிலிருந்து திடீரென்று வந்தவர்கள், நான் சோலியாகப் போயிருப்பதாகக் கேட்டுவிட்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒளிய இடம் தேடினேன். நான் கட்டிய வீடாக இருந்தால் படிக்கட்டுக்கு அடியில் ஓர் இருட்டு மூலை, விறகு அறை, தூண் மறைவு என்று ஏதாவது இருக்கும். இந்தப் பாவி தூணே இல்லாமல் கட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிகிறது. வேறு வழியில்லை. குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

"என்ன மாப்ளே, ரெண்டு பொம்மை கட்டியிருக்கீங்க?" என்றார் மாமியார்.

"மேஸ்திரி கட்டியிருப்பாரு அத்தை."

"கட்டட்டும்மா. இங்கன வர்ற கண்ணுக்கு ஒண்ணு பத்தாது" என்றாள் மல்லிகா.

சரசு கிட்டே வந்தாள். அவள் என் செருப்பைப் பார்த்தாள். பிறகு நிதானமாக, "அம்மா, இந்தப் பெரிய பொம்மைக்கு முன்னாடி வச்சே திருஷ்டி சுத்து. இதுதான் லட்சணமா இருக்கு" என்றாள்.

மாமியார் காரைச் சட்டியில் சிரட்டையைக் கொளுத்தி என் காலடியில் வைத்தார். உப்பு, கடுகு, ஒரு கை வரமிளகாய். அதற்குள் மாமனார் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பூச்சு எப்ப?"

"பூச்சே கெடையாது மாமா. இவ்வளவுதான்."

மாமனார் சுவரை இன்னொரு தடவை தட்டினார். பிறகு பெருமூச்சு விட்டார். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது பிடிபடல. நம்ம எடத்துல பெரியவரே கட்டட்டும். ஓடு போட்டு, புகைபோக்கி வச்சு, வீடு மாதிரி இருக்கும்."

என் வாழ்க்கையிலேயே இனிமையான பேச்சு அதுதான். குதிக்க வேண்டும் போல இருந்தது. பொம்மை குதிக்காது என்பதால் நின்றேன். அதே நொடியில் மிளகாய் பற்றிக்கொண்டது. காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தது. புகை முழுவதும் எனக்கே.

"பாத்தியாடி சரசு! இம்புட்டு மொளகாயப் போட்டும் துளி நெடி இல்ல. எம்புட்டுக் கண்ணு பட்டிருந்தா இப்படி இருக்கும்!" என்று மாமியார் மலைத்துப்போனார். மிளகாய் கருகியும் நெடி அடிக்காவிட்டால் அத்தனையும் திருஷ்டி என்பது கணக்கு. நெடி எங்கே போகிறது என்பது எனக்கல்லவா தெரியும்! மூச்சை அடக்கினேன். முருகனைக் கூப்பிட்டேன். மனையை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

தும்மினேன். ஒன்றல்ல, வரிசையாக.

"ஐயோ, முருகா! பொம்மை தும்முது!" என்று அலறிய மாமியார், சுற்றி உடைப்பதற்காக வைத்திருந்த பூசணிக்காயை என் பாதத்தில் போட்டார்.

"பொம்மை இல்லம்மா" என்றாள் சரசு. "எங்க வீட்டுக்காரரு."

மாமனார் பழைய காலத்து மனிதர். மாப்பிள்ளை எந்தக் கோலத்தில் வந்தாலும் மரியாதை குறையக் கூடாது. நொண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க மாப்ளே. எப்ப வந்தீங்க?" என்றார்.

பொய் சொல்லலாம் என்றால் இருமல் விடவில்லை. "வெடிப்பு... இருக்கான்னு... பாக்க வந்தேன் மாமா."

"இருக்கா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். மூக்கும் கண்ணும் ஒழுக, "ஒண்ணுகூட இல்ல மாமா" என்று நான் கதறியதைக் கேட்டால் யாருக்கும் இரக்கம் வந்திருக்கும்.

மாமனார் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வீட்டைப் பார்த்தார். "சோலின்னு பொய் சொல்லிட்டு, குல்லா மாட்டிட்டு ஒளிஞ்சு வந்து பாத்து, பெரியவரு இப்படி அழுகுறாருன்னா இதுல என்னமோ சரக்கு இருக்கு. நமக்குத்தான் தெரியல. எடத்தைச் சின்னவருகிட்டயே குடுத்துருவோம்."

இப்படியாக என் சகலைக்கு முதல் வேலையை வாங்கிக்கொடுத்தவன் நான்தான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வீடு கட்டினாலும் பொம்மை வைப்பதில்லை. எனக்கு ஆள் அனுப்புவார்கள். நான் போய் வாசலில் நின்று வீட்டைப் பார்க்க வேண்டும். என் முகம் கோணினால், வீடு நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாக இலை போடுவார்கள். போன மாதம் ராஜசேகரனின் மகன் பழனியில் கட்டிய வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்று சொல்லி நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். பையனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஏன் பெரியப்பா," என்றான் மெதுவாக, "ஒரு தும்மல்கூட வரலையா?"