இக்னாசியோவின் ஊர்

'அர்ஜென்டினா' என்று திரையில் எழுத்து வந்ததும் இக்னாசியோவின் முகம் சிவந்துபோனது.

அவர் மாட்ரிட் நகரத்திலிருந்து வந்திருப்பவர். ஸ்பானிஷ் பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர், எந்த ஊர்க்காரர் என்று பேச்சைக் கேட்டே சொல்லிவிடும் மென்பொருளை வாங்கத்தான் பெங்களூருக்குப் பறந்து வந்திருந்தார். அதை உருவாக்கியவள் இளவேனில். இரண்டு வருட உழைப்பு. இன்று விற்காவிட்டால் அவளுடைய குழுவையே கலைத்துவிடுவார்கள்.

"மைக்ல ஏதோ கோளாறு. இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க சார்," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ரெமிஜியஸ் அதை ஸ்பானிஷில் சொன்னார். பெங்களூர் ஜீவனஹள்ளிக்காரர்; இக்னாசியோ இந்தியா வரும்போதெல்லாம் கூடவே சுற்றுபவர்.

இக்னாசியோ நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

'அர்ஜென்டினா. ஊர்: புவெனஸ் அயர்ஸ்.'

மேலாளர் ஷ்ரேயாஸ் அவள் காதருகே குனிந்தார். "என்னம்மா, இப்போ ஊர் பேரு வேற சொல்லுது? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு!"

"பேச்சோட ராகத்தை வெச்சுக் கண்டுபிடிக்குது சார். அதைப் போய் எப்படி அட்ஜஸ்ட்..."

"பண்ணும்மா!"

ஷ்ரேயாஸ் காபி வரவழைத்தார். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் இளவேனில் மென்பொருளிலிருந்த அர்ஜென்டினாக் குரல்பதிவுகள் அத்தனையையும் நீக்கினாள்.

இக்னாசியோ மறுபடி பேசியதும் 'உருகுவே' என்றது மென்பொருள். பக்கத்து நாடு!

அதையும் நீக்கினாள். 'பராகுவே.'

இக்னாசியோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இளவேனில் தென் அமெரிக்காவையே துடைத்தெடுத்தாள். மெக்சிகோவையும் ஸ்பெயின் தவிர்த்த மிச்ச நாடுகளையும் தூக்கினாள். ஸ்பெயினிலும் மாட்ரிட்டை மட்டும் விட்டுவைத்தாள். இனி நாய் குரைத்தாலும் அது மாட்ரிட் என்றுதான் சொல்லும்.

"ஒரே ஒரு தடவை சார், ப்ளீஸ்!"

'மாட்ரிட். நூறு சதவீதம்.'

இக்னாசியோ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷ்ரேயாஸின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இளவேனிலுக்குத்தான் உறுத்தியது. ரெமிஜியஸை வராந்தாவுக்கு அழைத்துப்போனாள்.

"சார், மனசு கேக்கல. அது கடைசியா சொன்னது நான் செஞ்ச தில்லுமுல்லு. அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?"

ரெமிஜியஸ் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வேணவே வேணாம்மா! அவரு பொறந்து வளர்ந்ததெல்லாம் புவெனஸ் அயர்ஸ்லதான். மாட்ரிட்காரர்னு யாராச்சும் ஒருத்தர் நம்பமாட்டாங்களான்னு இருபது வருஷமா பேசிப் பேசிப் பாக்குறாரு!"