ஐஸ் பக்டரியில் செத்தவீடு

சிவப்பு விளக்கு மூன்றாம் முறையும் பற்றியபோது, இளையதம்பி அதை மரியாதையாகவே கேட்டான்: "உனக்கு இப்ப என்ன வேணும்?"

விளக்கு அணையவில்லை. மெசினும் ஓடவில்லை. அச்சுகளில் தண்ணீர் பாதிதான் உறைந்திருந்தது. விடிந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அங்கே சர்பத்துக் கடை போடும் ஆதம்பாவாவுக்கு ஐஸ் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் இளையதம்பி முரசுமோட்டைக்குத் திரும்பி அப்பரோடு வயலில் இறங்கலாம் என்று முதலாளி சிற்றம்பலம் காலையிலேயே அன்பாகச் சொல்லியிருந்தார். முல்லைத்தீவில் 'மெசின்காரத் தம்பி' என்று இப்போதுதான் நாலுபேர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

மெசினின் சங்கதி எளியது. கிணற்றுத் தண்ணீர் ஒரு குழாயால் வந்து, மெசினின் சூட்டை வாங்கிக்கொண்டு, மறு குழாயால் வெளியே பின்வளவில் போய் விழும். தண்ணீர் ஓடாவிட்டால் சுவரிலுள்ள சின்னப் பெட்டி சிவப்பு விளக்கை ஏற்றி மெசினை நிறுத்திவிடும். பெட்டிக்குள் ஓடுவது கொழும்பு வீடுகளில் வாசல்மணி அடிக்கிற அளவு கறண்ட்தான்.

"ஆனா இவன்தான் இங்க பெரியவன். நில் எண்டால் நிக்கவேணும்" என்று, மெசினைப் பொருத்திய எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இளையதம்பி கிணற்றை எட்டிப் பார்த்தான். தண்ணீர் ததும்பியது. பம்பும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே, பெட்டி பொய் சொல்கிறது.

முதலாளியின் மனைவி கமலாசனி பின்வளவிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார். நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் புங்குடுதீவில் பிறந்தவர், முகம் கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் கத்தரிக்கன்றுக்கு ஊற்றுபவர். தேத்தண்ணியும் அதே சிக்கனத்தோடுதான் வந்திருந்தது.

"நிண்டிட்டுதோ தம்பி?"

"ஓம் அக்கா. பெட்டி பிழை."

"அம்மாள் கைவிடமாட்டா. குடியும்."

குடித்துவிட்டு, பெட்டியின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றாக முறுக்கினான். மெசின் கடகடவென்று ஓடியது. இளையதம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த பெட்டி மெசினை நிறுத்தியது. இது அழுத்தம் கூடினால் நிறுத்துகிற பெட்டி. பெரியவனையே வாயடைத்தவனுக்கு இவன் எந்த மூலை? அந்த வயர்களையும் முறுக்கினான்.

அப்போது ஆதம்பாவா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன தம்பி, விடிய ஐஸ் இருக்குமா?"

"பொழுதுபடுமட்டும் நிக்காமல் ஓடினால் இருக்கும் நானா. இனி இதை நிப்பாட்ட ஆருமில்லை."

ஒருவன் இருந்தான். மெசினின் தலையிலிருந்த சேப்டி வால்வு. அதற்கு வயரே கிடையாது, முறுக்கவும் வழியில்லை. அது 'புஸ்ஸ்' என்று, மெசினுக்குள் குளிரூட்டுகிற, கண்ணை எரிக்கும் அமோனியாவைக் கக்கியது.

இளையதம்பி மெசினை நிறுத்திவிட்டு வெளியே பாய்ந்தான். தெருவே அழுதது. ஆதம்பாவா சைக்கிளைக் கட்டிப்பிடித்து விம்மினார். ஓடிவந்த முதலாளி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்த நேரம் பார்த்து வந்த நெடுங்கேணி பஸ், இத்தனை பேரின் கண்ணீரைக் கண்டு மரியாதையாக நின்றது. ஒரு பெரியவர் இறங்கி, தோள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலாளியின் கைகளைப் பிடித்தார்.

"ஆர் மோசம் போனது? எப்ப எடுக்கிறியள்?"

முதலாளி இளையதம்பியைக் காட்டினார். "இவனைத்தான். இப்பவே."

வால்வு தானாகவே வாயை மூடிக்கொண்டது. பஸ் போனது. மணம் அடங்கியதும் இளையதம்பி உள்ளே போய் வயர்களைப் பழையபடி மாட்டினான். சிவப்பு விளக்கு பற்றியது. பொழுதுபட இன்னும் நேரமிருந்தது. அதைவிட வேறு எதுவும் அவன் கைவசம் இருக்கவில்லை.

"உன்ர பெட்டி படுக்கையைக் கட்டடா" என்றார் முதலாளி, வாசலில் நின்று.

கமலாசனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"பொடியனைச் சும்மா ஏசாதேங்கோ. கெட்டிக்காரன்தான், தண்ணி விசயத்திலதான் கொஞ்சம் ஊதாரி. பின்வளவுக் குழாயால அவ்வளவு தண்ணியும் வீணாய் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் நான் கண்டு பூட்டியிருக்காட்டி இந்நேரம் கிணறும் வத்தியிருக்கும்!"