களாக்காய் செர்ரியான கதை

ஒரு காட்டில் குடிப்பதற்கு இலுப்பைப்பூச் சாராயத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. அதைக் கொட்டாங்கச்சியில் குடித்தால் குடிகாரன் என்று ஏசுவார்கள். நரி அதையே கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, குச்சியில் குத்திய சிவப்புச் செர்ரி ஒன்றை மேலே வைத்து, காக்டெயில் என்று விற்றது. அன்று முதல் மான்கள்கூடக் குடும்பத்தோடு வந்தன. செல்போனில் படம் எடுக்காமல் யாரும் வாய் வைப்பதில்லை. செர்ரியை மட்டும் கடைசிவரை மிச்சம் வைத்து, பக்கத்து மேசை பார்க்கும்படி மெல்லுவார்கள்.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் குளிர்தேசத்துச் சூறைக்குருவி ஒன்று அங்கே வந்து விழுந்தது. சிறகு சுளுக்கியதால் அதன் கூட்டம் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒதுங்க ஒரு கிளை கிடைக்காவிட்டால் முதல் மழைக்கே செத்துப்போகும். நரிக்கோ வாயெல்லாம் பல். செர்ரி விளையும் ஊர்க்காரன் ஆயிற்றே. எல்லோர் முன்னாலும் ஒன்றைத் தின்று அசல்தான் என்று சொல்லிவிட்டால், தன் பாருக்கு மேலே இருக்கும் ஆலங்கிளை உனக்குத்தான் என்றது.

குருவி நல்ல குடும்பத்துப் பிள்ளை, கோளாறே அதுதான். கடித்துப் பார்த்தது.

"இது செர்ரி இல்லீங்க. களாக்காய். பாகுல ஊறப்போட்டுச் சாயம் ஏத்தியிருக்காங்க. காலையில பின்னாடி இருக்கிற புதர்ல இதைத்தான் தின்னேன்."

பாரில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். நரிக்கு இன்று உதைதான் என்று குருவி நினைத்தது. ஆனால் எல்லோரும் முறைத்தது குருவியை. கரடி எழுந்து வந்தது.

"தம்பி, அந்தக் களாக்காயைப் பறிச்சுக் குடுக்கிறதே என் பொண்டாட்டிதான். இங்க யாருக்குத் தெரியாதுன்னு நினைச்சே? போன வாரம் என் சம்பந்தியைக் கூட்டிட்டு வந்து செர்ரின்னு வாங்கிக் குடுத்திருக்கேன். இனி அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

செர்ரியையே தெரியாத இது வெளிநாட்டுப் பறவைதானா என்று முயலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னது. அதற்குள் தூறல் விழ ஆரம்பித்தது. குருவி இன்னொரு செர்ரியைக் கேட்டு வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"மன்னிச்சுக்குங்க. பசி மயக்கத்துல உளறிட்டேன். எங்க ஊர்லகூட இவ்வளவு நல்ல செர்ரி கிடையாது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கிளை கிடைத்தது. மழைக்காலம் முழுக்கக் குருவி அங்கேயே தங்கி, வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லி, சிவப்புச் செர்ரியாகத் தின்று தேறியது.

சிறகு குணமாகி ஊர் திரும்பியபோது, பிள்ளை உயிரோடு வந்த சந்தோஷத்தில் அம்மாக்குருவி தோட்டத்திலேயே நன்றாகப் பழுத்த செர்ரியைக் கொத்தி வந்து ஊட்டியது. பிள்ளைக்குருவி ஒரு கடி கடித்து முகம் சுளித்துத் துப்பியது.

"என்னம்மா, டூப்ளிகேட் மரத்தையா நட்டு வச்சிருக்கே?"

நீதி: தங்க இடம் கொடுத்தவர் எதைச் செர்ரி என்கிறாரோ அதுவே செர்ரி. அசலை விளைவிப்பவர்கள் கொஞ்சம் சாயம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.