கறுப்பு லைட்டும் அத்தையின் கையும்

ஃபோனில் வீடியோ பார்த்து வேலை பழகியவர்களை வாகனத்துக்குப் பக்கத்தில் விடக் கூடாது. கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் விடக் கூடாது. என் வீட்டுக்காரர் விட்டார்.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நோர்வூட்டுக்கு மேலே ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீடொன்றில், குடித்தனம். அவர் பழைய கார் ஒன்று வாங்கி ஹயர் ஓடத் தொடங்கியிருந்தார். எங்கள் வாசலுக்கு வந்த முதல் கார் என்பதால், சந்தனம் குங்குமமெல்லாம் வைத்து மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தோம். பின்பக்க லைட் இரண்டும்தான் வெளிறிப்போய், உள்ளே தண்ணீர் கோத்து, அழுமூஞ்சியாக இருந்தன.

அந்த நேரம் பார்த்து அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கண் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்த மனுஷி. இரண்டு கண்ணிலும் புரை படர்ந்து, எதிரே நிற்பது நானா கதவா என்றே தெரியாத நிலை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் காத்துக் காத்துக் கிடைத்த நாள் அது. அவரைப் பளபளவென்று ஒரு காரில் ராணி மாதிரி கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. (நல்ல எண்ணம்தான். அதை வைத்து என்ன செய்வது?)

டவுனில் பையன்கள் ஆட்டோவின் பின் லைட்டுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருந்தேன். வீடியோவில் ஒருவன் லைட்டைக் கேக் வேகவைக்கும் போறணையில் வைத்துச் சூடாக்கினான். பசை இளகியதும் சிவப்பு மூடியைக் கழற்றி, உள்ளே கறுப்பு அடித்து, திரும்ப ஒட்டினான். சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை.

லயத்தில் போறணைக்கு எங்கே போவது? குளிக்க வெந்நீர் வைக்கும் தகரம் இருந்தது. எங்கள் குளிருக்கு அது அடுப்பை விட்டு இறங்குவதே கிடையாது. அதற்குள் லைட் இரண்டையும் அமுக்கினேன். பசை இளகியது. சமையல் கத்தியால் நெம்பியதில் ஒரு மூடி வாகாக வந்தது, மற்றது ஓரம் உடைந்துகொண்டு வந்தது. (அன்றைக்கு அத்தை அந்தத் தண்ணீரில்தான் குளித்தார். டயர் வாசம் வருகிறதே என்று மட்டும் கேட்டார்.)

ஒரு பூச்சு கறுப்பு அடித்தேன். சிவப்பு தெரிந்தது, ஸ்டைல் பற்றவில்லை. இன்னொரு பூச்சு போட்டேன். சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைத் தடவி மூடினேன். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர் லைட்டைப் போட்டுக் காட்டினார். பக்கத்திலேயே நின்று பார்த்தோமா, அடுப்பில் கனிகிற கரி மாதிரி அழகாக இருந்தது. லயமே மெச்சியது. அத்தை மட்டும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே புள்ள. பின்னாடி பூரா இருட்டாத்தான் இருக்கு."

"அது ஒங்க கண்ணு அத்தே. ஒப்பரேஷன் முடிஞ்சு வந்து பாருங்க, ஜோராத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், அத்தையும் சிரித்தார்.

ஒப்பரேஷன் நாளன்று விடியவே மழை. நானுஓயா தாண்டி ஏறும்போது பனி இறங்கி, ரோடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. நான் ஒட்டிய லட்சணத்துக்கு லைட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஒரு பல்ப் அணைந்தே போயிருந்தது. மற்றது எரிந்தது, கறுப்புக்குள்ளே தனக்குத் தானே. முன்னால் ஒரு பஸ் நின்றது. அவர் பிரேக் பிடித்தார். பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரருக்கு அங்கே ஒரு கார் இருப்பதே தெரியாது. இடித்த இடியில் கார் போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தது.

எங்கள் இருவருக்கும் கீறல்தான். பின் சீட்டிலிருந்த அத்தையின் வலது கை மடங்கிப்போயிருந்தது. அவர் கத்தவில்லை, "கண்ணு டாக்டர் போயிருவாரா?" என்று மட்டும் கேட்டார்.

லொறிக்காரர் இறங்கி வந்தார். சிதறிக் கிடந்த கரட்டைப் பார்த்தார், காரின் பின்பக்கத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"லைட் கோ, நோனா?"

லைட் எங்கே அம்மா என்று சிங்களத்தில் கேட்டார். பிள்ளைகளைக் கேள்வி கேட்டே காலம் தள்ளும் நான் குனிந்து கரட் பொறுக்கத் தொடங்கினேன். நல்ல மனுஷன், அவரே அத்தையைத் தூக்கி லொறியில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். கண் வார்டில் அத்தையின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எலும்பு வார்டில் படுத்திருந்தார்.

மறுபடி ஒப்பரேஷனுக்கு நாள் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தைக்குக் கண்ணும் இல்லை, கட்டுப் போட்டதால் கையும் இல்லை. ஊட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன், கக்கூசுக்குக் கூட்டிப்போனேன். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. ஒருநாள் சோற்றுக்கு வாயைத் திறக்காமல், "கண்ணு தெரியாமயே போயிருவேனா புள்ள?" என்று கேட்டார். தட்டை வைத்துவிட்டு, தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடி, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

கடைசியில் நாள் கிடைத்தது. பஸ்ஸில்தான் போனோம், கார் என்ற பேச்சையே நான் எடுக்க விடவில்லை. இரண்டு கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தன. கை மட்டும் மணிக்கட்டில் கோணலாகக் கூடிவிட்டது.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை முதலில் கண்ணைக் காட்டுவார், பிறகு கையை நீட்டுவார். "இந்தக் கண்ணு டாக்டரு குடுத்தது. இந்தக் கை எம் மருமக குடுத்தது."

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே போய் ரொட்டிக்கு மாவு பிசைவேன். அத்தையின் அந்தக் கையால் இனி ரொட்டி தட்ட முடியாது.