மாமியார் கடிதத்துக்கு ஒரு லென்ஸ்

போட்டோக்காரர் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பல வருஷமாகக் கேமராக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய லென்ஸை இனியும் காக்கவைப்பது பாவம்.

காரணமும் கையோடு கிடைத்திருந்தது. மாமியார் இறந்து ஒரு வருஷம். மகளுக்கு அவர் எழுதிய ஐந்து கடிதங்கள் மட்டும் மிச்சம். உள்ளங்கை அகலத் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மை நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவற்றை அக்காவிடம் கொடுத்துவிடுவதாக மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குள் பெரிய ஃபிலிமில், அசல் அளவிலேயே, நகல் எடுத்துத் தரவேண்டும்.

"சும்மா எடுத்துட முடியாது," என்றார். "நம்ம லென்ஸ் தூரத்துல இருக்கற முகத்துக்குச் செஞ்சது. தாளுக்குக் கிட்ட போனா நடுவுல தெளிவு, ஓரத்துல மசமசப்பு. உங்கம்மா ஓரம் வரைக்கும் எழுதியிருக்காங்க."

"ஓரம் வரைக்கும் எழுதுவாங்க. ஓரவஞ்சனைதான் பண்ணமாட்டாங்க."

"அதான் சொல்றேன். முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒண்ணு வேணும்."

மனைவி தையல்காரி. மிஷினை நிறுத்தாமலே, "வாங்கிக்கோங்க," என்றாள். "ஆனா ஒரு நாள் இரவலா கொண்டுவந்து மாட்டிப் பாருங்க. துணியைக்கூட உடம்புல வச்சுப் பார்த்துட்டுதானே வெட்டறோம்."

ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாய்ப் போனதில் அவருக்குச் சின்ன வருத்தம்.

லென்ஸ் வந்தது. கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்தார். கடிதத்தைச் சுவரில் பொருத்தி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். கேமராவின் பின்கண்ணாடியில் வெறும் பனிமூட்டம். லென்ஸை முன்னால் தள்ளும் துருத்தியைக் கடைசி மடிப்பு வரை இழுத்தார். அப்போதும் பனிமூட்டம்தான். கேமராவைப் பின்னால் நகர்த்தினார். நாற்காலி நகர்ந்தது, தையல் மிஷின் நகர்ந்தது. ஏழடி தள்ளி, வாசற்கதவில் முதுகு இடித்தபோது கடிதம் பளிச்சென்று தெரிந்தது. தபால்தலை அளவுக்கு.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு மனைவி பக்கத்தில் வந்தாள். "ஏங்க, இந்தத் துருத்தி எவ்வளவு நீளும்?"

"முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்."

"அசல் அளவு வேணும்னா, ஃபிலிம்லேருந்து லென்ஸ் எவ்வளவு தள்ளி நிக்கணும்?"

"லென்ஸ் மேல போட்டிருக்கற அளவுல ரெண்டு மடங்கு."

கேமராவின் முன்பக்கத்திலிருந்து அவள் நாடாவைப் பின்னோக்கி இழுத்தாள். "அறுபது சென்டிமீட்டர். உங்க வயித்துக்கு வந்துடுச்சு."

முப்பது வருஷமாகத் தெரிந்த கணக்கு. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்ததும்கூட. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"கேமராவையும் கொஞ்சம் பெருசா மாத்தினா..."

"அப்புறம் வீட்டையும் மாத்தணும்."

இருட்டறைக்குள் போய், படம் பெரிதாக்கும் என்லார்ஜரின் லென்ஸைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "இது நூத்தைம்பது மில்லிமீட்டர். ரெண்டு மடங்குன்னா முப்பது சென்டிமீட்டர். துருத்திக்குள்ள அடங்குது. தட்டையான தாளுக்குன்னே செஞ்சதுன்னு நீங்கதான் சொல்வீங்க."

"இதுல ஷட்டர் கிடையாது."

"மூடி இருக்குல்ல. நீங்க திறந்து மூடுங்க, நான் எண்ணறேன்."

அட்டையில் வட்டம் வெட்டி அந்த லென்ஸைக் கேமராவில் பொருத்தினார். பின்கண்ணாடியில் மாமியாரின் கையெழுத்து தலைகீழாக, அசல் அளவில், மூலைக்கு மூலை கத்தி மாதிரி கூர்மையாக வந்து நின்றது. பூதக்கண்ணாடியைக் கடைசி ஓரத்தில் வைத்தார். தலைகீழ் எழுத்தைப் படிப்பது தொழில் தந்த பழக்கம்.

'மாப்பிள்ளை எதையாவது வாங்கவேண்டும் என்று நின்றால் எதிர்த்துப் பேசாதே. ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொல். அவரே திருப்பிக் கொடுத்துவிடுவார். உன் அப்பாவை நான் அப்படித்தான் சமாளித்தேன்.'

கறுப்புத் துணிக்குள்ளேயே அந்த வரிகளை இன்னொரு முறை படித்தார். அவள் கேட்டு வாங்கி வீட்டிலேயே தங்கிவிட்ட தையல் மிஷின், அவர் ஆசைப்பட்டும் வாங்காமல் போன மோட்டார் சைக்கிள், ஒரே நாளில் திரும்பிப் போன பியானோ எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"ஓரம் வரைக்கும் தெளிவா இருக்கா?" என்று வெளியிலிருந்து குரல்.

"ஒவ்வொரு எழுத்தும்," என்றார்.

"நல்லது. அக்காவுக்கு முக்கியமா அந்தப் பக்கம்தான் வேணுமாம். அத்தான் கார் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாராம்."